காக்கா தாத்தாவான கதை

அன்புள்ள செல்வி,

ரங்கூனில் எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது உன் பேரன் விஷயம்.

நாலரை வயதுப் பிள்ளை வகுப்பில் கடிக்கிறான், எறிகிறான். திமிர் என்கிறாராம் மாப்பிள்ளை. திமிர் இல்லையடி. காக்காவைத் ‘தாத்தா’, கதவைத் ‘ததவு’ என்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். காக்கா பார் என்றவன் முன்னால் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் கோபம் வராதா? அதுவும் நாளெல்லாம்! சில பிள்ளைகள் கடிக்காமல் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடும். அவற்றைச் சமர்த்து என்று விட்டுவிடுகிறார்களே, எனக்கு அந்தக் கவலை இன்னும் பெரிது.

முதலில் காது. சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கும். பெரும்பாலும் வலிக்காது, ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் மங்கும். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் சொல்பேச்சுக் கேளாதவன் என்ற பெயர். கேட்கும் திறனோடு செவிப்பறை அசைகிறதா என்றும் காது டாக்டரைப் பார்க்கச் சொல். அந்த நீர் பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும்.

நாக்கின் அடியில் வெட்டிவிடச் சொல்கிறாரா சம்பந்தியம்மா? வேண்டவே வேண்டாம். ‘த’ சொல்ல நுனிநாக்கு பல்லைத் தொட வேண்டும். அது அவனுக்கு அழகாக வருகிறது. ‘க’ சொல்ல எழும்ப வேண்டிய பின்நாக்குதான் எழும்பவில்லை. வசம்பு தடவுவதையும் நிறுத்து, அதில் நச்சு உண்டு.

பர்மிய மொழி மேல் பழி போட்டுத் தமிழையும் நிறுத்திவிடாதீர்கள். பர்மியத்தில் ‘நல்லது’ என்னும் ‘கௌங்’ என்பதையும் ‘தௌங்’ என்கிறானா, கவனி. இரண்டு மொழியிலும் ஒரே பிழை என்றால் ஒலிக் கோளாறு. ஒன்றில் மட்டும் என்றால் அந்த மொழி இன்னும் பழகவில்லை, அவ்வளவே. ‘ழ’, ‘ற’ பிந்தித்தான் வரும். அவற்றுக்காக அவனைப் படுத்தாதே.

‘சரியாச் சொல்லு’ என்பதை வீட்டில் எல்லாரும் விடுங்கள். அவன் ‘தாத்தா’ என்றால், ‘ஆமா, காக்கா! கறுப்புக் காக்கா’ என்று நீ சொல்லிப் பேச்சைத் தொடர். புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டாதே; ‘வா, காட்டு’ என்று கூடப் போ. கட்டு, தட்டு இரண்டுக்கும் படம் வரைந்து வைத்துக்கொள். முதலில் நீ சொல்ல அவன் எடுக்கட்டும். வித்தியாசம் காதில் ஏறிய பிறகு அவன் சொல்ல நீ எடு. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். அரைமணி உட்கார வைத்தால் வெறுத்துவிடுவான்.

கடிப்பதை ஒரு வாரம் குறித்து வை: அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று. அவன் சொன்னது மற்றவர்களுக்குப் புரியாத இடத்தில் மட்டும் கடித்தால் பேச்சுதான் காரணம். தனியே விளையாடும்போதும் ஒன்றில் நிலைக்காமல் ஓடினால் கவனக் குறைபாட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

அந்த வாரக் குறிப்பை அப்படியே எனக்கு அனுப்பு. சரசுவிடம் சொல், வடகம் வந்து சேர்ந்தது.

உன்
மீனா