அப்பாவுக்காக வந்து நின்ற அனைவருக்கும் நன்றி

வணக்கம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் (இரும்பை ராவிப் பொருத்தும் தொழில்) பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர், அதன் பிறகும் கொல்லைப்புறக் கொட்டகையில் அரமும், பொருளை இறுகப் பிடிக்கும் வைஸுமாகவே இருந்தார். துவாக்குடி, திருவெறும்பூர், பொன்மலைப் பக்கமிருந்து வந்த உங்களில் பலரிடம் அன்று நின்று பேசக்கூட முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. கண்தானம் அப்பாவின் விருப்பம். வீட்டில் யாருக்கும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்த நேரத்தில் கண் வங்கிக்குப் போன் செய்தது அவர்தான். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தி வைத்தார். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும்; தலை உயர்ந்திருந்தால் கண்ணை எடுத்த பிறகு இரத்தக் கசிவு குறையும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் அந்தச் சில நிமிட வேலை பெரிய உதவி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, கண்ணாடியும் போட்டிருந்தார். இரண்டுமே கண்தானத்துக்குத் தடையில்லை. வந்த குழுவினர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாதபடி வேலையை முடித்தார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இரவெல்லாம் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், பந்தல் போட்ட தம்பிகள், மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய தெருக்காரர்கள், தோள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

பழைய மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொட்டகையில் இருந்த ஆறடி லேத்தை (கடைசல் இயந்திரத்தை), பிள்ளைகள் தொழில் பழகும் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள். மோட்டார், கம்பியைக் கவ்விச் சுழற்றும் சக், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் மூன்றையும் முதலில் கழற்றினீர்கள். கயிற்றை, மரை (திருகுப் புரி) வெட்ட உளியை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்குரூ மேல் படாமல், அடித்தளமான பெட்டில் மட்டும் கொடுத்துத் தூக்கினீர்கள். அந்த லீட் ஸ்குரூ வளைந்தால் மரை வெட்டும் வேலைக்கு அந்த லேத் உதவாது. இறக்கிய பிறகு மட்டம் பார்க்கப் பொறுமையாக உட்கார்ந்ததுதான் அப்பா பாணி. சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் ஒருமுறை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒருமுறை, பெட்டின் குறுக்கே ஸ்பிரிட் லெவல் வைத்து, காலுக்கடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தீர்கள். பெட் ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டால் கடையும் கம்பி ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து வரும். அதனால் 150 மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, மெல்லச் சீவி, இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒத்துப்போன பிறகே சாப்பிட எழுந்தீர்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுப்பவனை அப்பா அன்று முழுதும் மெஷின் பக்கம் விடமாட்டார். அந்த விதியைச் சுவரில் எழுதிவைத்ததற்கும் நன்றி.

நினைவுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "எம்10 டேப்புக்கு?" என்று கேட்க, பின்வரிசை வரை "8.5!" என்று குரல் வந்தது. டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி; எம்10 என்றால் 10 மி.மீ. மரை. பத்தில் பிட்ச், அதாவது மரைகளுக்கு இடையிலான தூரமான 1.5ஐக் கழித்தால், முதலில் போட வேண்டிய துளை 8.5 மி.மீ. துளை சிறுத்தால் டேப் உடையும். பெருத்தால் மரை ஆழமில்லாமல் போல்ட் வழுக்கும். எஃகு என்றால் எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சீவல் ஒடிந்து வெளியே வந்தால்தான் அடுத்த சுற்று. இதையெல்லாம் அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைவிட, மாணவன் கைமேல் கைவைத்துச் சொல்லிக்கொடுத்ததே அதிகம்.

வீட்டிலும் அதே கைதான். அம்மாவின் அரிவாள்மணையைச் சாணைக்கல்லில் தீட்டும்போது நொடிக்கொரு தரம் தண்ணீரில் நனைப்பார். விளிம்பு நீலமடித்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பேத்தியின் மூன்று சக்கர சைக்கிளுக்கும் கிணற்று உருளைக்கும் புஷ் (அச்சு சுழலும் உள்வளையம்) கடைந்து போட்டவர் அவர். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை எதையும் அவர் தானே செய்து தந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அது எங்களுக்கு மிகப் பெரிய கொடை.

அவருடைய அரங்களைப் பெற்றுக்கொண்ட பயிற்சி மாணவர்களே, ஒவ்வொன்றுக்கும் மரப்பிடி போட்டிருக்கிறார். பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிவிடும் என்பதால் பிடி ஆடினால் வேலையை நிறுத்துங்கள். அலுமினியம் ராவும் முன் பல்லில் சாக்பீஸ் தேயுங்கள், துகள் அடைக்காது. மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைக்கும்போது அளக்கும் இரு முகமும் ஒட்டாமல் சிறிது இடைவெளி விடுங்கள்.

அப்பாவிடம் வாங்கிப்போன கருவி ஏதும் உங்களிடம் இருந்தால் எங்களிடம் திருப்பித் தர வேண்டாம். உங்களுக்கு வேலை ஆகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லேத் இருக்கும் கூடத்தில் கொடுங்கள். அங்கே டேப்பைத் திருப்பும் டேப் ரெஞ்சும், உயரம் அளக்கும் ஹைட் கேஜும் இன்னும் இல்லை.

இப்படிக்கு,
அம்மா, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
துவாக்குடி