பாதாம் மரத்தை வெட்ட வேண்டாம், உதிரும் பழத்தைப் பொறுக்குவோம்

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து நாட்டு பாதாம் மரங்களை வெட்டச் சொல்லிக் கிராம சபையில் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மண்டியில் என் பங்கனப்பள்ளியை நறுக்கிப் புழுவைக் காட்டி, வண்டியோடு திருப்பி அனுப்பிய கோபத்தில், அந்தப் புழு இந்த மரங்களிலிருந்துதான் வருகிறது என்று பேசினேன். அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.

மரத்தடியில் கிடந்த பாதாம் பழங்களை அள்ளிவந்து, வாளியில் மணல் பரப்பி, அதன்மேல் போட்டுத் துணியால் மூடி வைத்தேன். மூன்று வாரத்துக்குள் ஈக்கள் கிளம்பின. மஞ்சள் பட்டையோடு குட்டிக் குளவி போலிருக்கும், என் தோப்பில் பறக்கும் அதே பழ ஈ.

தாய் ஈ முதிர்ந்த காயின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழு சதையைத் தின்று வளர்ந்து, பழத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். பழத்துக்குள் இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து எட்டாது. மாம்பழம் இல்லாத மாதங்களில் பாதாமும் கொய்யாவும் இந்த ஈக்குச் சோறு போடுகின்றன. மரத்தை வெட்டினால் ஈ கொய்யாவுக்குப் போகும். பிள்ளைகளுக்கு நிழலும், கல்லால் உடைத்துத் தின்னும் பருப்பும்தான் இல்லாமல் போகும். என் மகளும் அந்த மரத்தடியில்தான் சாப்பிடுகிறாள்.

2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடை செய்ததற்கும் பழ ஈதான் காரணம். தடை நீங்க 2015 ஆனது. இதை ஒரு தோப்புக்காரனின் சொந்தக் கஷ்டமாக மட்டும் பார்க்காதீர்கள்.

இப்போது உதிர்ந்த பழங்களைக் கூட்டி மதிலோரக் குப்பைக்குழியில் தள்ளுகிறார்கள். புழு அங்கேயே மண்ணில் இறங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பழம் உதிரும் நாட்களில் தினமும் பொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மரத்தடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கோழிக்கும் எறும்புக்கும் இரையாகும். ஈயை வாசத்தால் இழுக்கும் மெத்தில் யூஜினால் வைத்த பொறிகளையும் மாட்டலாம். அதில் ஆண் ஈ மட்டுமே விழும் என்பதால், பொறி மாட்டியாயிற்று என்று பழத்தைப் பொறுக்காமல் விட்டுவிடக் கூடாது.

பொறிகளுக்கான செலவை நானும் பக்கத்துத் தோப்புக்காரர்களும் ஏற்கிறோம். துப்புரவுப் பணியாளர்கள் மேல் இந்தக் கூடுதல் வேலையைச் சுமத்த வேண்டாம், ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அதுவரை ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு நான் வருகிறேன். பள்ளி வாசல் சாவியை மட்டும் காலை ஆறு மணிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதிலுக்கு அந்தப் பக்கத்து மாந்தோப்புக்காரன்