விழிப்புக்கும் கண்காணிப்புக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் எழுதுகிறேன். என் மேசையில் இருக்கும் அகராதிகளில் ‘விஜிலன்ஸ்’ என்ற சொல்லைப் புரட்டினால் கிடைப்பது ஏறக்குறைய இதுதான்: விழிப்பு, கண்காணிப்பு, எச்சரிக்கை, விழிப்புணர்வு. நாலு சொல், மூன்று காற்புள்ளி. எதை எங்கே போடுவது என்பது எங்கள் தலையெழுத்து.

சமீபத்தில் ஒரு பாதுகாப்புக் கையேடு வந்தது. இரவு ஷிஃப்டில் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நேரம் ஆக ஆக விஜிலன்ஸ் குறையும் என்று அதில் ஒரு வரி. அவசரத்தில் ‘விழிப்புணர்வு குறையும்’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த ஆபரேட்டர் கேட்டார்: “ஏன் சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல படிச்சதெல்லாம் மறந்துடுமா எங்களுக்கு?” பதில் இல்லை என்னிடம். விழிப்புணர்வு என்றால் ஒன்றைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது. பிரசாரம் செய்தே அதை உண்டாக்கிவிடலாம். அவருக்கு எல்லாம் தெரியும். கண்தான் சொருகுகிறது.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. போர்க்கால ரேடார்க்காரர்கள் நேரம் போகப்போகத் திரையில் தெரியும் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று பார்க்க உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரண்டு படி தாவும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடியது. 1948இல் வெளிவந்த முடிவு இது. வராமலே போகக்கூடிய ஒன்றுக்காகக் கண் அயராமல் இருப்பது, அதுதான் விஜிலன்ஸ். இங்கே ‘எச்சரிக்கை’யும் ஒட்டாது. எச்சரிக்கையைப் பலகையில் எழுதித் தொங்கவிடலாம், விழித்திருப்பதை அப்படி முடியாது.

லத்தீனில் ‘விஜில்’ என்றால் விழித்திருப்பவர். ரோமில் அகஸ்டஸ் கி.பி. 6இல் அமைத்த இரவுக் காவல், தீயணைப்புப் படைக்கும் இதே பெயர்தான். நம் ‘விழிப்பு’ம் தூங்காமல் இருப்பதுதான்; இரண்டு மொழியும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அபூர்வம். (‘திருதிருவென விழித்தான்’ என்பதும் நம்மிடம் உண்டு. அது வேறு கதை.)

என் பெரிய குறை ‘கண்காணிப்பு’ மேல். ‘சர்வெய்லன்ஸ்’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான். ஆனால் அது அடுத்தவர் மேல் வைக்கும் கண். கண்காணிப்பு அதற்குத்தான் சொந்தம். தேயிலைத் தோட்டங்களில் கூலிகளை மேய்த்த கங்காணி இந்தச் சொல்லிலிருந்து பிறந்தவர், ஆங்கில அகராதிகளிலும் இடம்பிடித்தவர். ‘மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்’ என்பது ஒரு பேச்சு; ‘மக்கள் கண்காணிப்போடு இருக்க வேண்டும்’ என்றால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கச் சொல்வதாகிவிடும். விழித்திருப்பவர் கங்காணியாகி, தண்டனையும் தன் கையாலேயே கொடுக்கத் துணிந்தால் அவருக்கு ஆங்கிலத்தில் ‘விஜிலான்டி’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் அது வெறும் காவல்காரர்தான். 1851இலும் 1856இலும் சான் பிரான்சிஸ்கோவில் ‘விஜிலன்ஸ் கமிட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்களைத் தூக்கில் போட்டார்கள்.

சொல்லுக்கா பஞ்சம் நமக்கு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது, கண்கொத்திப் பாம்பாக இருப்பது, உஷார். எல்லாம் தினமும் வாயில் வருகிறவை. இவற்றில் ஒன்றையாவது பதிவில் சேர்த்தால் என்ன? குறளில் ‘பொச்சாவாமை’க்கு 54ஆம் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. மறந்து சோர்ந்துவிடாமை என்று பொருள். அளவு மீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் மூழ்கி அசந்துபோவது கெட்டது என்றுதான் அந்த அதிகாரம் ஆரம்பிக்கிறது. பொச்சாவாமையை இன்று கையேட்டில் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பதிவில் ஓர் ஓரமாகவாவது வையுங்கள்.

அடுத்த பதிப்பில் ‘விழிப்பு’ தனியாக முதலில் நிற்கட்டும், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு. கண்காணிப்பு சர்வெய்லன்ஸுக்குப் போகட்டும். விழிப்புணர்வை எடுத்தேவிடுங்கள்.

கையேட்டில் அந்த வரியை ‘நேரம் ஆக ஆக விழிப்பு தளரும்’ என்று மாற்றி மறுபடியும் ஆபரேட்டரிடம் கொடுத்தேன். படித்தார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளை நம்பிப் பிழைக்கும் ஒருவன்