அந்த யானை நம் ஊர் யானை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீரர் படம் போட்ட பழைய அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அத்லெடிக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் யானைச் சின்னம் ‘கீழை நாட்டு ஞானத்தின் அடையாளம்’ என்று போட்டிருக்கிறீர்கள். யானை என்றாலே நம் ஊரிலிருந்துதான் போயிருக்க வேண்டுமா?

அது கேலி, ஐயா. 1902-இல் போட்டி அணி மேலாளர் ஜான் மெக்ரா, அன்று பிலடெல்பியாவில் இருந்த அந்த அணியை வெள்ளை யானை, அதாவது வீண் செலவு, என்று நக்கலடித்தார். அத்லெடிக்ஸ் மேலாளர் கானி மேக் அதையே சின்னமாக எடுத்துக்கொண்டார். 1955-இல் அணி கேன்சஸ் சிட்டிக்குக் குடிபோனபோது யானையும் கூடவே போனது. ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று நாமே சொல்கிறோம். உங்களுக்குத் தெரியாததா?

கார்டினல்ஸ் அணியின் பெயர் கார்டினல் என்ற பறவையிலிருந்து வந்தது என்கிறீர்கள். அதுவும் முதலில் பறவை இல்லை, சட்டையில் இருந்த சிவப்பு நிறம். ஒரு சர்ச்சில் மேசை அலங்காரத்துக்கு வைத்த அட்டைப் பறவைகளைப் பார்த்து அந்த அணியின் மேலாளர் பிராஞ்ச் ரிக்கிக்கு யோசனை வந்தது. 1922-இல்தான் இரண்டு குருவிகள் சட்டையில் ஏறின. சரி, இதை மன்னிக்கலாம்.

கிளீவ்லாண்ட் அணியின் பழைய சின்னமான, அமெரிக்கப் பழங்குடியினரைக் கேலிச்சித்திரமாக்கிய சிவந்த முகத்தை மன்னிக்க முடியாது. அந்த இளிப்பை ‘குறும்புச் சிரிப்பு’ என்று ரசித்திருக்கிறீர்கள். இதே ஊர்ப் பக்கம் முப்பது வருடமாக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் மகன் கடையில் அந்தத் தொப்பியைக் காட்டி, “அப்பா, இது நாமளா?” என்று கேட்டான். அப்போது அணியின் பெயர் இண்டியன்ஸ். குழந்தை வேறென்ன நினைக்கும்? 2018-ஓடு ஜெர்ஸியிலிருந்து அந்த முகத்தை எடுத்தார்கள், 2022 சீசனிலிருந்து பெயரே கார்டியன்ஸ் ஆனது. 2018-இல் உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன். நான்கு வரி போட்டீர்கள், அதிலும் என்னைக் கலிபோர்னியா வாசகர் ஆக்கி.

அப்புறம், கட்டுரையில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டிருக்கும் படம் என் அட்டை. 1955-இல் டாப்ஸ் கம்பெனி அகலவாக்கில் அச்சிட்டது, இடது கீழ் மூலையில் மடிப்பு. பின்புறம், அட்டையோடு வந்த பபிள்கம்மின் கறைகூட இருக்கும், பாருங்கள். தியாகராஜ ஆராதனைக்கு வந்த உங்கள் நிருபர், “படமெடுத்துவிட்டுத் தருகிறேன், சார்” என்று வாங்கிப் போனது.

திருத்தம் போடுவது உங்கள் இஷ்டம். அட்டையை மட்டும் அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, ரிஜிஸ்டர் தபாலில்.

இப்படிக்கு,
ஒஹாயோ வாசகர் (கலிபோர்னியா அல்ல)