மீட்டர் பெட்டியில் ஓர் எச்சரிக்கை

ஐயா,

3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் மொட்டை மாடிகளில் சோலார் தகடுகள் பெருகிவிட்டன. நல்லதுதான். தீப்பிடித்தால்? மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் வயரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கும். பேட்டரி இருந்தால், அதில் இரவிலும் மின்சாரம் இருக்கும். குழாயுடன் ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கு இதை யார் சொல்வது? ஆஸ்திரேலியாவில் மீட்டர் பெட்டியிலேயே சோலாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனியாக, வெளிச்சம் பட்டால் மின்னும் பச்சை வட்ட வில்லைகளை ஒட்டுகிறார்கள். எங்கள் தெருவிலோ நிறுவிய கம்பெனியின் தொலைபேசி எண்தான் பளிச்சென்று தெரிகிறது! வெயிலில் வெளிறாத தமிழ் எச்சரிக்கையும், எந்த சுவிட்சை முதலில் அணைப்பது என்ற குறிப்பும் இருந்தால் மட்டுமே மின்வாரியம் நெட் மீட்டர் (வாங்கும் மின்சாரத்தோடு, வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்த வேண்டும்.

– வாசகர், மதுரை