சட்டையோடு நின்றவனுக்கு

அன்பு மகனுக்கு,

மாதம் பிறந்தால் பணம் தவறாமல் வந்துவிடுகிறது. உன் குரல்தான் வருவதில்லை. நீ மேசையில் விட்டுச் சென்ற, மகாராஷ்டிரக் கோயில் ஊர் ஒன்றைப் பற்றி அருண் கொலாட்கர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஜெஜூரி’ கவிதை நூலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1976இல் வெளிவந்து, மறு ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்ற நூல் என்றாலும், முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மனுக்கு எட்டுக் கை என்று பூசாரி சொல்ல, தீக்குச்சி உரசிப் பதினெட்டு என்று எண்ணிக் காட்டுகிறான் ஒருவன். சட்டையைக் கழற்றி உள்ளே போய்ப் பூசை செய்ய மாட்டேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிறான் மகரந்த் என்று இன்னொருவன். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். சுசீந்திரம் கோயிலில் நீயும் அப்படித்தான் சட்டையோடு வெளியே நின்றாய்.

சுசீந்திரத்தின் அந்த வாசல் உன் தாத்தாவைச் சிறுவயதில் உள்ளே விடாத வாசல். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் அரசு ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகே அவர் தாணுமாலயனைக் கண்டார். அவர் போராடிப் பெற்ற உரிமையை நீ சட்டைப் பொத்தானைக் காரணம் காட்டி உதறுகிறாயே என்றுதான் அன்று எனக்குக் கொதித்தது. அதற்காக நான் சொன்ன சொல் நியாயமாகிவிடாது.

இரண்டாம் வாசிப்பில் ஒரு பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. மாருதி கோயிலின் கூரை இடிந்து விழுந்திருக்கிறது. இடிபாட்டுக்குள் ஒரு தெருநாய் குட்டிகளோடு படுத்திருக்கிறது. இது இனி வழிபாட்டுத் தலம் அன்று, ஆனால் கடவுளின் வீடேதான் என்று முடிக்கிறார். பின்சாய்ப்பில் குட்டி போட்ட நாய்க்கு உன் அம்மா மார்கழிக் குளிரில் சாக்கு விரித்ததும், மறுநாள் குளித்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை கொண்டுபோனதும் எனக்கு ஒரே காரியமாகத் தெரிந்தன. நம்புகிறேன் என்று சொல்லாத ஒருவர் எழுதிய வரி அதைக் காட்டியது.

நம் தேரூர்க் கவிமணியும் இதைத்தானே பாடினார்? கோயில் முழுதும் கண்டு, கோபுரம் ஏறிக் கண்டும் தேவாதி தேவனைக் காணவில்லை என்று ஒருத்தி தோழியிடம் சொல்கிறாள். ‘உள்ளத்தில் காண்பாய் எனில்’ கோயிலுக்குள்ளும் காண்பாய் என்பது மறுமொழி. ஏழாம் வகுப்பில் நீ, “பிறகு அவள் கண்டாளா அப்பா? பாட்டில் இல்லையே” என்று கேட்டாய். அதிகப்பிரசங்கி என்று அதட்டினேன். பாடம் நடத்திய முப்பது ஆண்டுகளில் அந்த ‘எனில்’ என்ற சொல்லில் நான் ஒருநாளும் நின்றதில்லை. உமர் கய்யாமைத் தமிழாக்கிய கை அந்தச் சொல்லைச் சும்மா போட்டிருக்காது.

மக்களே, அம்மாவின் ஆண்டுத் திதி முடிந்து கோயிலுக்குப் போன அன்று, உறவினர் அத்தனை பேர் நடுவில், “இதுதான் அவள் வளர்த்த வளர்ப்பா?” என்று உன்னைக் கேட்டேன். கேட்டுவிட்டு மார்பில் சட்டையில்லாமல் உள்ளே போய்க் கைகூப்பினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் போன நாளிலிருந்தே தோன்றவில்லை. திருநீறு பூசி அதை மறைத்துக்கொண்டு திரிந்த நான், மறைக்காமல் வெளியே நின்ற உன்னைப் பழித்தேன்.

புனேயிலிருந்து ஜெஜூரி ஐம்பது கிலோமீட்டர்தான். ஒருமுறை போய் வா. கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டு, அந்த மாருதி கோயில் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. எழுதாவிட்டால் பேசவாவது செய். போய் வா.

மார்கழித் தேருக்கு விடுப்புக் கிடைக்குமா? வந்தால் தெப்பக்குளக் கரையில் சட்டையோடு நில். நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன்.

அப்பா