சம்பளக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கு,

நம் ஐடி கம்பெனியின் கோவை சரவணம்பட்டி அலுவலகத்தில் உங்களுக்காக கோட் எழுதுகிறவர்கள், டெஸ்டிங் பார்க்கிறவர்கள், சப்போர்ட் ஷிப்டில் உட்காருகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். இந்த ஆண்டு அப்ரைசல் கடிதங்கள், அதாவது வேலையை மதிப்பிட்டுச் சம்பள உயர்வு சொல்லும் கடிதங்கள், வருவதற்கு முன்னால் நீங்கள் இதைப் படிக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. அப்பா அம்மாவையும் சேர்த்து மெடிக்கல் இன்சூரன்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். டீமுக்குள் ஒருவருக்கு ஒருவர் கைகொடுக்கும் பழக்கம் இருக்கிறது. இவ்வளவு பேர் இங்கேயே தங்கியிருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் சம்பளம் எப்படி முடிவாகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அப்ரைசல் மீட்டிங் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம். மேனேஜர் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்புவதே இல்லை. "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க, ஆனா இந்த வருஷம் பெல் கர்வ்ல உங்களை மேல வைக்க முடியலைங்க" என்கிறார். இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று முன்பே வகுத்துவைக்கும் பங்கீடுதான் அந்தக் கர்வ். யார் வைத்த கர்வ், எத்தனை பேருக்கு எந்த ரேட்டிங் என்று கேட்டால், அது மேலிடத்து முடிவு என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைவிட மனதை உடைப்பது வேறொன்று. ஆறு வருடமாக ஒரே மாட்யூலைத் தூக்கிச் சுமக்கிற ஒருவர், புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் புதியவரின் சம்பளம் இவருடையதைவிட அதிகம். வெளியிலிருந்து வருகிறவருக்கு மார்க்கெட் ரேட், உள்ளே இருப்பவருக்குப் பத்து சதவீதத்துக்கும் குறைவான ஹைக். பேப்பர் போட்ட பிறகுதான், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகுதான், போகாதீர்கள் என்று கூடுதல் சம்பளத்தோடு கவுன்டர் ஆஃபர் வருகிறது. அந்தப் பணம் முன்பே இருந்தது என்றுதானே அர்த்தம்? விசுவாசமாக இருப்பவர்தான் இங்கே நஷ்டப்படுகிறார்.

அப்புறம், இந்தக் கோவை ரேட். பெங்களூரு அலுவலகத்தில் இதே வேலை, இதே கிளையண்ட், வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் இதே ஜிரா போர்டு. ஆனால் எங்களுக்குக் குறைவு. கோவையில் செலவு கம்மி என்பதுதான் பதில். லேப்டாப் விலையும் ஹோம் லோன் வட்டியும் கோவைக்கென்று குறைவதில்லை. சத்தி ரோட்டில் வாடகை போகிற போக்கை வீடு தேடி அலைகிறவர்களிடம் கேளுங்கள். ஊரைப் பார்த்துச் சம்பளம் வைப்பது உங்கள் கொள்கை என்றால், எவ்வளவு குறைக்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பேசி முடிவு செய்வது இந்தக் கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் 2025இல் கூலி உயர்வுக்காக ஏறக்குறைய ஒரு மாதம் தறியை நிறுத்தினார்கள். முடிவில் எத்தனை சதவீதம் கூடியது என்று டீக்கடையில் இருப்பவருக்கும் தெரிந்தது. திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். எங்கள் டீமில் பலர் அந்தத் தறிக் குடோன்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பக்கத்தில் வளர்ந்தவர்கள். பெற்றவர்களுக்குத் தெரிந்த கூலிக் கணக்கு, இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்குத் தெரியக்கூடாதா?

பே ஸ்லிப்பையும் பார்ப்போம். கம்பெனி கட்ட வேண்டிய பிஎஃப் எங்கள் சிடிசிக்குள், அதாவது எங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு என்று காட்டும் தொகைக்குள். அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அதையும் சிடிசிக்குள். ஐந்து வருடம் முடியும் முன் விலகுகிற நிரந்தர ஊழியருக்கு அது கைக்கு வராது. வேரியபிள் பே என்கிற, கூடிக் குறையும் ஊக்கத்தொகையும் சேர்த்து ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை, கையில் வருவது வேறு தொகை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கிடும் ஊதியத்தில் சேரும். அதற்காக எங்கள் ஸ்ட்ரக்சரை எப்படி மாற்றுகிறீர்கள், கைக்கு வரும் சம்பளம் குறையுமா என்று ஹெச்ஆர் எங்களைக் கூப்பிட்டு விளக்கவே இல்லை.

டைம்ஷீட்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போட்டால் சிவப்பு எழுத்தில் எரர் வரும். இரவு பத்தரை வரை அமெரிக்காவோடு போன் மீட்டிங் இருந்த நாளும் அங்கே ஒன்பதுதான். உண்மையான நேரம் பதிவாகாத வரை, ஆள் போதவில்லை என்று எந்த லீடும் உங்களிடம் நிரூபிக்க முடியாது. பத்தரைக்கு மேல் வீடு திரும்பும் பெண்களுக்கு கேப் (கார்) கேட்டு மூன்று மெயில் அப்ரூவல் வாங்க வேண்டியிருப்பதும் உடனே நிற்க வேண்டும்.

நிர்வாகம் எல்லா ஊழியர்களையும் சந்திக்கும் டவுன்ஹால் கூட்டத்துக்கு முன்பே கேள்விகளை வாங்கி, சம்பளம் பற்றியதை எடுத்துவிட்டு மீதியைப் படிக்கிறீர்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தலைமை மேல் நம்பிக்கை போவது அந்த இடத்தில்தான்.

ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசுவது எங்கள் உரிமை என்று தெரிந்தேதான் முதலில் உங்களிடம் வருகிறோம்.

ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் எவ்வளவு என்று, கோவைக்கும் பெங்களூருவுக்கும் சேர்த்தே வெளியிடுங்கள். ரேட்டிங்குக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பழையவர்களின் சம்பளத்தைப் புதியவர்களோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள். அடுத்த டவுன்ஹாலில் முதல் அரை மணி நேரத்தை இதற்கே ஒதுக்கி, கேள்விகளை நேரடியாக மைக்கில் கேட்க விடுங்கள். நாங்கள் தயாராக வருகிறோம்.

இப்படிக்கு,
சரவணம்பட்டி அலுவலக ஊழியர்கள் சார்பில் ஒரு டீம் லீட்